கிராஃப்ட் பீர் ஆலைத் தடம்: வட்டாரச் சுற்றுலாவை வளர்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சிறிய பீர் ஆலைகள் சில அருகருகே இருக்கும் வட்டாரத்தில், அவற்றை ஒரே தடமாகக் கோத்து வெளியூர்க்காரர்களை வரவழைக்கலாமே என்ற எண்ணம் எப்படியும் ஒருநாள் எழும். அப்போது ஆலைக்காரர்களும் விடுதிக்காரர்களும் உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும், தெருவில் கூட்டம் கூடுமே என்று கவலைப்படும் குடியிருப்பாளர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பயணி தங்குமிடத்துக்குப் பத்திரமாகத் திரும்பும் வழியை முதலில் வரையுங்கள், பிறகு ஆலைகளை அந்த வழியில் வையுங்கள்.

கிராஃப்ட் பீர் ஆலைத் தடம் என்றால் என்ன?

ஒரு வட்டாரத்தில் தனித்தனியாக இயங்கும் சிறு பீர் ஆலைகளை ஒரே வரைபடத்தில், ஒரே பெயரில், பொதுவான சில விதிகளோடு இணைப்பதுதான் தடம். பயணி ஓர் ஆலையிலிருந்து அடுத்த ஆலைக்கு நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ போகிறார். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சுவைக்கிறார், பீர் எப்படி உருவாகிறது என்று பார்க்கிறார், இடையிடையே ஊரைப் பார்க்கிறார்.

‘கிராஃப்ட்’ என்ற சொல்லுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே வரையறை கிடையாது. அமெரிக்காவில் பீர் ஆலைகளின் சங்கம் ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய் வரை தயாரிப்பவர்களையும் ‘சிறிய’ ஆலை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கிராஃப்ட் அல்லாத பெரிய மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் இன்னொரு நிபந்தனை. தடம் அமைப்பவருக்கு இந்த எண்கள் அவ்வளவு முக்கியம் இல்லை. பீரைக் காய்ச்சுபவர் அந்த இடத்திலேயே இருக்கிறாரா, கேட்டால் பதில் சொல்வாரா என்பதையே நான் பார்ப்பேன்.

இது புதிதாக முளைத்த யோசனையா?

இல்லை. திராட்சை மதுவுக்கு இப்படியொரு பாதையை ஜெர்மனி 1935-லேயே அமைத்துவிட்டது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போர்பன் விஸ்கி வடிப்பாலைகள் 1999-ல் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு தடத்தை உருவாக்கின. பீருக்கு வந்தால், ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரம் 2010-ல் தொடங்கிய தடத்தைப் பலரும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள்.

பெண்ட் நகரத்தின் கதை தெரிந்துகொள்ளத் தக்கது. அது மரம் அறுக்கும் ஆலைகளால் வாழ்ந்த ஊர். அங்கே 1988-ல் டெஷூட்ஸ் என்ற சிறு பீர் ஆலை தொடங்கியது. மரத்தொழில் நலிந்து, ஆற்றங்கரையில் இருந்த கடைசிப் பெரிய மர ஆலை 1994-ல் மூடப்பட்டது. அதன் மூன்று புகைபோக்கிகள் இன்றும் அந்த ஊரின் அடையாளமாக நிற்கின்றன. டெஷூட்ஸில் வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர்கள் புதிய ஆலைகளைத் தொடங்கினார்கள். எண்ணிக்கை கூடிய பிறகுதான் சுற்றுலா அமைப்பு வந்து எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் கோத்தது. ஆலைகளை உருவாக்கியது தடம் அல்ல. இருந்த ஆலைகளைத்தான் அது பார்வைக்குக் கொண்டுவந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வரைபடத்தை முதலில் அச்சடித்துவிட்டு ஆலைகள் வரும் என்று காத்திருப்பது பணத்தை வீணாக்கும் வேலை.

எத்தனை ஆலைகள் இருந்தால் தடம் என்று சொல்லலாம்?

நான்கு போதும். ஜெர்மனியின் பிரான்கோனியா பகுதியில் ஆஃப்ஸெஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1,500-க்கும் குறைவான மக்கள்; நான்கு பீர் ஆலைகள். மக்கள்தொகைக்கு ஏற்ப உலகிலேயே அதிக ஆலைகள் கொண்ட ஊர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. நான்கையும் இணைக்கும் நடைபாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வயல், காடு, மேடு வழியாகப் போகிறது. ஒவ்வோர் ஆலையிலும் முத்திரை வாங்கிக்கொண்டு முடித்தால் ஒரு சான்றிதழ் உண்டு.

அங்கே ஆலைகளைவிட இடைப்பட்ட தூரமே பெரிய சொத்து. முதல் ஆலையில் குடித்த கோப்பை, அடுத்த ஆலைக்கு நடந்து சேர்வதற்குள் வேர்வையாகிவிடுகிறது. பசி எடுக்கிறது. நிலத்தைப் பார்க்கிறோம். இருபது ஆலைகள் இருந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நெடுஞ்சாலையில் காரில்தான் போக முடியும் என்றால், அதை முகவரிப் பட்டியல் என்று சொல்லலாம், தடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஊருக்கு இதனால் என்ன கிடைக்கும்?

ஒரு ராத்திரி. பயணி பகலில் வந்து பகலிலேயே திரும்பினால் ஊருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அவர் தங்கினால் அறை வாடகை, இரவுச் சாப்பாடு, காலை உணவு, மறுநாள் காலையில் சந்தையில் வாங்கும் பொருள்கள் என்று செலவு பல கைகளுக்குப் போகிறது. ஒரே ஆலையைப் பார்க்க யாரும் தங்க மாட்டார்கள். நான்கைந்து ஆலைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும், குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்ற இரண்டும் சேரும்போது தங்குவது இயல்பாகிவிடுகிறது. பாதுகாப்பும் வருமானமும் ஒரே திசையில் போகும் அபூர்வமான இடம் இது. அதனால்தான் விடுதிக்காரர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள் என்று சொல்கிறேன்.

இன்னொரு பலனும் உண்டு. டேப்ரூம், அதாவது ஆலையோடு ஒட்டிய சுவைக்கூடம், சிறு ஆலைக்கு உயிர்நாடி. மொத்த வியாபாரியிடமும் கடைக்காரரிடமும் பங்கு கொடுக்காமல் நேரடியாக விற்கிற கோப்பையில்தான் அவர்களுக்கு நல்ல லாபம். தடம் அந்த விற்பனையைக் கூட்டுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

கால்களில் இருந்து. வரைபடம் வரைவதற்கு முன், திட்டமிடும் குழு முழுவதும் ஒருநாள் அந்த வழியை நடக்க வேண்டும். ஒருமுறை பகலில், ஒருமுறை இரவு பத்து மணிக்கு.

அப்படி ஒரு வழியை நான் நடந்திருக்கிறேன். காகிதத்தில் மூன்றாவது ஆலைக்கும் நான்காவது ஆலைக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை. நேரில் போனால் அங்கே ஒரு பாலம். பாலத்தில் நடைபாதை கிடையாது. இரும்புத் தடுப்பில் முதுகை ஒட்டிக்கொண்டு, லாரி கடந்து போகும்வரை நின்றோம். லாரியின் காற்று சட்டையை இழுத்தது. கூட வந்த ஆலைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அந்தப் பாலத்தை அன்றுதான் முதல்முறையாக நடந்து கடந்ததாகச் சொன்னார். அன்று மாலையே தடத்தின் போக்கை மாற்றினார்கள். இரண்டு விளக்குக் கம்பமும் ஒரு பஸ் நிறுத்தமும் வந்த பிறகுதான் நான்காவது ஆலை வரைபடத்தில் ஏறியது.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கடைசி ஆலை மூடும் நேரத்துக்குப் பிறகு அது வருகிறதா? இந்த ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைக்கும்வரை பெயர், சின்னம், விளம்பரம் எதைப் பற்றியும் பேச வேண்டாம்.

சுவைக்கும் அளவுதானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல சுவைக்கூடங்களில் ஒரு பலகையில் நான்கு சிறு கிளாஸ்களை வைத்துத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் 120 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 480 மில்லி. பீரின் வலிமை 5 சதவீதம் என்றால் அதில் 24 மில்லி ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 19 கிராம். நான்கு ஆலைகளில் இப்படி நான்கு பலகை என்றால் 76 கிராம். ஆரோக்கியமான ஒருவரின் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் வெளியேற்றும். அப்படியானால் முழுதும் இறங்க ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. பலருக்கு அதற்கும் மேல். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கூம்புப் பூ தூக்கலான பீர்களில் வலிமை 7, 8 சதவீதம் வரை போவது சகஜம். அப்போது கணக்கு இன்னும் மோசமாகிறது. காபியோ குளியலோ இதை விரைவுபடுத்தாது.

ஆகவே தடத்தின் பொது விதியாகவே அளவைக் குறைக்கலாம். 75 மில்லியில் இரண்டு கிளாஸ் மட்டும் என்றால், அதே வலிமையில் ஓர் ஆலைக்கு ஆறு கிராம், நான்கு ஆலைக்கும் சேர்த்து 24 கிராம். சுவையின் வித்தியாசத்தை அறிய 75 மில்லி தாராளம். அப்போதும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றே சொல்வேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. செக் குடியரசில் ஓட்டுநர் ரத்தத்தில் ஆல்கஹால் சிறிதும் இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் வரம்பை 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தது. பக்கத்தில் இருக்கும் இங்கிலாந்தில் அப்போதும் 80-தான். எல்லை தாண்டி வரும் பயணி தன் ஊர் விதியை மனதில் வைத்துக்கொண்டு வருவார். உங்கள் விதியை வரைபடத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

வண்டி ஓட்டுபவருக்கு வேறு என்ன செய்யலாம்? அவர் சுவைக்க வேண்டியதை மூடி போட்ட சிறு குப்பியில் நிரப்பிக் கையில் கொடுத்தனுப்பலாம். சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் இது அருமையான வழக்கம். அவர் எதையும் இழந்ததாக நினைப்பதில்லை.

குடிக்காதவர்கள் கூட வந்தால் என்ன செய்வது?

கண்டிப்பாக வருவார்கள். நான்கு பேர் வரும் குழுவில் ஒருவராவது குடிக்காதவராக இருப்பார். அவருக்குக் கொடுப்பதற்கு டப்பாவில் வரும் இனிப்புக் குளிர்பானம் மட்டும்தான் என்றால், அந்தக் குழு இரண்டாவது ஆலையோடு கிளம்பிவிடும். ஆல்கஹால் இல்லாத பீர், ஹாப்ஸ் ஊறிய சோடா, அந்த வட்டாரத்துப் பழச்சாறு என்று ஏதாவது ஒன்றை ஆலைக்காரரே அக்கறையோடு தயாரிக்க வேண்டும். முத்திரை அட்டையும் அவருக்கு உண்டு. குடித்தால்தான் முத்திரை என்ற விதி இருக்கவே கூடாது. ‘வந்து பார்த்தேன்’ என்பதற்கே முத்திரை.

முத்திரை அட்டை, பரிசு இதெல்லாம் தேவையா? குழந்தை விளையாட்டு போல இருக்கிறதே.

தேவை. வளர்ந்தவர்களும் கட்டத்தை நிரப்ப ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே நாளில் முடித்தால் பரிசு என்று வைத்துவிட்டால், அவசரமாகக் குடிக்கச் சொல்லி நீங்களே தூண்டுகிறீர்கள் என்று பொருள். அட்டைக்குக் காலக்கெடு வேண்டாம். இந்த முறை மூன்று முத்திரை, அடுத்த வருடம் வந்து மீதி என்று இருக்கட்டும். பாதி நிரம்பிய அட்டை வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்து ஊரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஓர் அருங்காட்சியகம், ஒரு பழைய பாலம், ஒரு புத்தகக் கடை ஆகியவற்றுக்கும் அட்டையில் கட்டம் வையுங்கள்.

ஒரே தொழிலில் போட்டியாளர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். சிறு பீர் ஆலைகளின் உலகம் கொஞ்சம் வேறு மாதிரி. ஒருவரிடம் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மூட்டை தீர்ந்துவிட்டால் பக்கத்து ஆலையில் கடன் வாங்குவது, ஈஸ்ட் பகிர்ந்துகொள்வது, இருவர் சேர்ந்து ஒரே கொப்பரையில் ஒரு பீர் காய்ச்சி இருவர் பெயரிலும் விடுவது எல்லாம் இங்கே சாதாரணம். அவர்களின் உண்மையான போட்டி பக்கத்துத் தெருக்காரரோடு இல்லை, கடை அலமாரியை நிரப்பி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களோடு.

இருந்தாலும் மனஸ்தாபம் வரத்தான் செய்யும். பெரும்பாலும் மூன்று விஷயங்களில்: வரைபடத்தில் யார் பெயர் முதலில், சந்தா எவ்வளவு, பஸ் யார் வாசலில் நிற்கும். பெயர்களை அகரவரிசையில் போடுங்கள். சந்தாவை உற்பத்தி அளவுக்கு ஏற்ப வையுங்கள். சிறியவருக்குச் சுமை குறைய வேண்டும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு: பிரிட்டன் 2002-ல் ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்குள், அதாவது 5 லட்சம் லிட்டருக்குள், காய்ச்சும் ஆலைகளுக்குத் தீர்வையைப் பாதியாகக் குறைத்தது, அதன் பிறகு அங்கே சிறு ஆலைகள் வேகமாகப் பெருகின. பஸ் நிறுத்தம் மட்டும் பேசித் தீர்க்க வேண்டியது.

எல்லா ஊரிலும் பீர் ஒன்றுதானே? எங்கள் ஊருக்கென்று எதைச் சொல்வது?

தண்ணீரைச் சொல்லுங்கள். பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீர் ஜிப்சம் படிவங்களின் ஊடாக வருவது. அந்தக் கால்சியம் சல்பேட் ஹாப்ஸின் கசப்பைத் துல்லியமாக எடுத்துக் காட்டியதால் அந்த ஊர் பீர் உலகப் புகழ் பெற்றது. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் நீரில் அதே உப்பைக் கலந்து நகலெடுத்தார்கள். இதற்கு நேர் எதிர் செக் நாட்டின் பொஹீமியா பகுதியிலுள்ள பில்சன் நகரம். அங்கே நீர் மிக மென்மையானது. 1842 அக்டோபரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் அந்த நீரையும் வெளிர்நிற மால்ட்டையும் ஜாடெக் வட்டார ஹாப்ஸையும் சேர்த்துக் காய்ச்சியதுதான் இன்று உலகெங்கும் குடிக்கப்படும் பொன்னிற பீரின் தொடக்கம். அந்த ஜாடெக்கும் அதன் ஹாப்ஸ் வயல்களும் 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் இன்றும் பீச் மர விறகின் புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். அந்த பீரை வாயருகே கொண்டுபோகும்போதே புகை மணக்கும். முதல் வாய்க்கு முகம் சுளிப்பவர்கள் மூன்றாவது வாய்க்குள் பழகிவிடுகிறார்கள்.

உங்கள் வட்டாரத்தில் பில்சனின் பெருமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. கட்டடம் முன்பு ஏதோ ஒன்றாக இருந்தது: தறிக்கூடம், தீயணைப்பு நிலையம், ரயில் கிடங்கு. அந்தக் கதையைத் தேடி எடுத்து, உண்மையானதை மட்டும் எழுதுங்கள். விளம்பரக்காரர் கற்பனை செய்யும் ‘பழங்காலத் துறவி’ கதையைப் பயணி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆலைக்குள் பயணிக்கு எதைக் காட்டலாம்? எல்லா இடத்திலும் ஒரே எஃகுத் தொட்டிதானே?

தொட்டியைக் காட்டுவதே தவறு. நான்காவது ஆலையில் நான்காவது முறையாக ஒரு தொட்டியின் முன் நின்று அதன் கொள்ளளவைக் கேட்பது அலுப்பு. ஒவ்வோர் ஆலையும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஓரிடத்தில் மால்ட்: வெளிர் நிறத்திலிருந்து கருகல் வரை ஐந்து கிண்ணங்கள், கடித்துப் பார்க்கலாம். வெளிர் மால்ட் பிஸ்கெட் போல இனிக்கும். கருமால்ட்டைக் கடித்தால் காபிக்கொட்டையின் கசப்பு. இன்னோரிடத்தில் காய்ச்சும் வேளை: மால்ட் 65 டிகிரி செல்சியஸ் அளவிலான வெந்நீரில் ஊறும்போது அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாறை ஒரு கரண்டி, ஆல்கஹால் ஏறுவதற்கு முன், குழந்தைகூட ருசிக்கலாம். பாயசத்துக்குக் காய்ச்சிய பாகு போல் இருக்கும். வேறோர் இடத்தில் ஈஸ்ட்.

ஹாப்ஸ் காட்டுபவருக்குத்தான் நல்ல பங்கு கிடைத்தது என்பேன். பச்சைக் கூம்பு ஒன்றைக் கையில் கொடுத்து, நகத்தால் நீளவாக்கில் பிளக்கச் சொல்ல வேண்டும். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி தெரியும். அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால், எலுமிச்சைத் தோலும் பைன் மரப் பிசினும் அறுத்த புல்லும் கலந்த மணம். கை பிசுபிசுக்கும், சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. இரவு அறைக்குத் திரும்பிய பிறகும் அந்த மணம் விரலில் இருக்கும். ஒரு துளி குடிக்காதவருக்கும் கிடைக்கிற அனுபவம் இது.

எந்தப் பருவத்தில் தொடங்கினால் நல்லது?

ஹாப்ஸ் அறுவடையை ஒட்டி. வடகோளத்தில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். நியூசிலாந்தின் நெல்சன் போன்ற தென்கோளப் பகுதிகளில் பிப்ரவரி, மார்ச். பறித்த ஹாப்ஸை உலர்த்தாமல் ஒரு நாளுக்குள் கொப்பரையில் போட்டுக் காய்ச்சும் பீர் வருடத்தில் அந்தச் சில வாரங்களில் மட்டும்தான் கிடைக்கும். ‘இப்போது வராவிட்டால் அடுத்த வருடம்தான்’ என்று உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரே சமயம் அது. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் அறைகள் காலியாக இருக்கும் வட்டாரமாக இருந்தால், கூரைக்குக் கீழே நடக்கும் வகுப்புகளை அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

கூட்டம் அளவுக்கு மீறினால்?

புகழ் ஒரே இரவில் வந்துவிடும். சாலை அப்படி அகலமாவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சிற்றூரில் தி ஆல்கெமிஸ்ட் என்ற ஆலை தன் ஒரே ஒரு பீருக்காகப் பெயர் பெற்றது. வாங்க வந்தவர்களின் கார்கள் தெருவை அடைத்தன. அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். 2013 நவம்பரில் அந்த ஆலை, வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கிருந்த தன் சில்லறை விற்பனைக் கடையை மூடியது. பிறகு 2016-ல் ஸ்டோவ் என்ற பக்கத்து ஊரில் பார்வையாளர்களுக்கு இடவசதியோடு புதிய ஆலையைத் திறந்தது.

பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்துத் துறவிகள் வேறு வழியில் போனார்கள். உலகின் சிறந்த பீர் என்று 2005-ல் ஓர் இணையதளத்து ரசிகர்கள் அறிவித்ததும் மடத்தின் வாசலில் வாகன வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. அவர்கள் உற்பத்தியைப் பெருக்கவில்லை. தொலைபேசியில் முன்பதிவு, வண்டி எண்ணைப் பதிந்துகொள்வது, ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு என்று கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 2019-ல் பதிவை இணையத்துக்கு மாற்றினார்கள். இவர்களைப் போல முதலில் வரம்பை முடிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. ஒரு சனிக்கிழமையில் உங்கள் தெரு எத்தனை பேரைத் தாங்கும்? அந்த எண் வந்ததும் முன்பதிவு முறை தானாகவே வந்துவிடும்.

மதுவை ஊக்குவித்து ஊரைக் கெடுப்பதாகாதா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர்களை நம்ப வேண்டாம். ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே வகைப்படுத்தியது. உடல்நலத்துக்குப் பாதிப்பே இல்லாத அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. பீர் உடம்புக்கு நல்லது என்ற தொனியில் ஒரு வரிகூடத் தடத்தின் விளம்பரத்தில் வரக் கூடாது.

பிறகு ஏன் செய்ய வேண்டும்? எப்படியும் குடிக்கிற ஒருவரை, குறைவாக, மெதுவாக, சாப்பாட்டோடு, நடந்து திரிந்து, தயாரித்தவரின் முகம் பார்த்துக் குடிக்கப் பழக்க முடியும் என்று நம்புகிறேன். ஆனால் அது தானாக நடக்காது. அளவற்ற குடிக்கு ஒரே விலை என்ற சலுகை தடத்தில் எங்கும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே தள்ளாடி வருபவரைத் திருப்பி அனுப்பும் உரிமையும் பயிற்சியும் ஊழியருக்கு வேண்டும். அப்படி அனுப்பியதற்காக முதலாளி அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆலையிலும் குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். குடியிலிருந்து மீண்டு வாழ்பவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே விளம்பரப் பலகை வைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். இவற்றை ஏற்காத ஆலை, எவ்வளவு நல்ல பீர் காய்ச்சினாலும், தடத்தில் சேர வேண்டாம்.

தண்ணீரும் கழிவும் பிரச்சினை ஆகாதா?

ஆகும். ஒரு லிட்டர் பீருக்கு நான்கிலிருந்து ஏழு லிட்டர் தண்ணீர் செலவாவது வழக்கம். கழுவும் வேலை அதிகமுள்ள சிறு ஆலைகளில் இன்னும் கூடும். கழிவுநீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் நிறைய இருப்பதால் அப்படியே சாக்கடையில் விட்டால் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் திணறும். மால்ட் சக்கையை மாட்டுத் தீவனமாகக் கொடுப்பது பழைய, நல்ல வழக்கம். சக்கை ஈரமானது, இரண்டு நாளில் புளித்துவிடும். ஆகவே பண்ணை பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பண்ணையையும் தடத்தில் சேர்த்துக்கொண்டால் அது இன்னொரு நிறுத்தமாகிவிடுகிறது.

செலவை யார் ஏற்பது?

ஆலைகளின் சந்தா, விடுதி வாடகையில் வசூலாகும் சுற்றுலா வரியில் ஒரு பகுதி, உள்ளாட்சியின் பங்கு மூன்றும் சேர வேண்டும். அரசுப் பணத்தை மட்டும் நம்பித் தொடங்கினால், அந்த நிதி நின்ற அன்று தடமும் நின்றுவிடும்.

செல்பேசி செயலி வேண்டுமா?

காகித வரைபடத்தை முதலில் சரியாகச் செய்யுங்கள். ஒற்றைத் தாள், சட்டைப்பையில் அடங்க வேண்டும். பஸ் நேரம், திறக்கும் நேரம், மூடும் நாள். செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றியை எப்படி அளப்பது?

விற்ற கோப்பைகளை எண்ணி அளக்காதீர்கள். அது தடத்தைத் தவறான பக்கம் இழுக்கும். எத்தனை இரவுகள் அறைகள் நிரம்பின, வார நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள், கடைசி பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள், பாதி அட்டையோடு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுங்கள். தெருவாசிகளின் புகார்களையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். அமைப்புக் கூட்டத்தில் இரண்டும் சேர்ந்தே வாசிக்கப்பட வேண்டும்.

ஓர் ஆலை மூடிவிட்டால், அல்லது ஊரே பாதிக்கப்பட்டால்?

இரண்டும் நடக்கும். அமெரிக்கக் கிராஃப்ட் பீரின் தாய்வீடு என்று கருதப்பட்ட, 1965-ல் ஃப்ரிட்ஸ் மேடாக் கைகொடுத்து மீட்ட சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையே 2023-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல், பீர் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஆஷ்வில் நகரத்தின் குழாய்களை அடித்துக்கொண்டு போனது. அந்த ஊருக்குக் குடிக்கத் தகுந்த குழாய்நீர் திரும்பவே ஐம்பது நாளுக்கு மேல் ஆயிற்று. நீரில்லாத ஊரில் பீர் ஏது?

பொதுவான ஓர் அவசர நிதி, பக்கத்து ஆலையின் கொப்பரையில் மற்றவர் காய்ச்சிக்கொள்ளலாம் என்ற முன்கூட்டிய எழுத்து ஒப்பந்தம், பெயர்களை எளிதில் மாற்றக்கூடிய பலகைகள் ஆகியவற்றைத் தொடங்கும் ஆண்டிலேயே செய்துவிடுங்கள். ஓர் ஆலை மூடிய செய்தி வந்த அன்றே வரைபடத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும், பஸ் நிறுத்தத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அந்தத் தெருவில் இறங்குபவர்களுக்கு இருட்டில் நடந்து திரும்ப அந்த விளக்கும் அந்த பஸ்ஸும் அப்போதும் வேண்டும்.